காலியான இடத்தில் யாரை உட்காரவைப்பது: ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட்

அமெரிக்க ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்டைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டரை வருடக் கதையைத்தான் சொல்வார்கள். 1969 மார்ச்சில் ஆறு பேர் சேர்ந்தார்கள். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ராக் இசையின் மிகச் சிறந்த மேடைப் பதிவுகளில் ஒன்றைச் செய்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் குழுவை அமைத்த கிதார்காரர் டுவேன் ஆல்மன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். கதை அங்கே முடிந்துவிடும். அதற்குப் பிறகும், நடுவில் இரண்டு முறை கலைந்து கூடினாலும், 2014 வரை அந்தக் குழு மேடையில் இருந்தது என்பதை ஒரு பின்குறிப்பு மாதிரி கடந்துபோவார்கள்.

எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. இத்தனை வருடமாக நான் இவர்களை விடாமல் கேட்பதற்குப் பாதிக் காரணம் அந்த மீதிக் கதைதான். குழுவின் உயிராக இருந்த ஒருவர் 24 வயதில் போய்விட்டால், அவருடைய இடத்தை என்ன செய்வது? அப்படியே விட்டுவிடுவதா, அவரைப் போலவே வாசிக்கும் ஒருவரைத் தேடிப் பிடிப்பதா? இந்தக் கேள்வி ஆல்மன் பிரதர்ஸுக்கு நாற்பது வருடத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப வந்தது. அவர்கள் சொன்ன பதில்களில் சில அற்புதமானவை. ஒன்றிரண்டு மோசமானவை.

முதலில் அண்ணன் தம்பி. டுவேன் 1946-இலும் கிரெக் 1947-இலும் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் பிறந்தவர்கள். ராணுவத்தில் இருந்த அப்பா 1949 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வண்டியில் ஏற்றிக்கொண்ட ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மா ஜெரால்டீன் கணக்கியல் படித்து, வேலைக்குப் போய், இரண்டு பையன்களையும் ஆளாக்கினார். குடும்பம் பிறகு ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சுக்குக் குடிபெயர்ந்தது. வீடு வீடாகப் பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் கிதார் வாங்கியது தம்பிதான். அண்ணன் அதைத் தொட்டதோடு சரி, பிறகு அது தம்பிக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. டுவேன் கிதார்காரர் ஆனார், கிரெக் பாடகர் ஆனார்.

லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய் ஹவர் கிளாஸ் என்ற பெயரில் இரண்டு ஆல்பம் போட்டார்கள். கம்பெனிக்கு வேண்டியது பாப், இவர்களுக்கு வேண்டியது ப்ளூஸ். ஒத்துவரவில்லை. டுவேன் வெறுத்துப்போய்த் தெற்குக்கே திரும்பினார்.

அந்த நாட்களில்தான் ஸ்லைடு வந்தது, அதாவது விரலில் மாட்டிய குழாயைத் தந்திமேல் வழுக்கி வாசிப்பது. ஒரு பிறந்தநாளன்று டுவேன் ஜலதோஷத்தோடு படுத்திருந்தபோது கிரெக் இரண்டு பொருள் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று, தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகரின் புது ரெக்கார்டு. இன்னொன்று, கோரிசிடின் என்ற சளி மாத்திரை பாட்டில். ரெக்கார்டில் "ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்" பாட்டில் ஜெஸ்ஸி எட் டேவிஸ் வாசித்திருந்த ஸ்லைடு கிதாரைக் கேட்ட டுவேன், பாட்டிலிலிருந்து மாத்திரையைக் கொட்டிவிட்டு, லேபிளைக் கழுவி எடுத்துவிட்டு, அந்தக் கண்ணாடிக் குப்பியை மோதிர விரலில் மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். கடைசி வரை அவருக்கு அந்தக் குப்பிதான். இன்றைக்கும் கிதார் கடைகளில் அதே வடிவத்தில் ஸ்லைடு குப்பிகள் விற்கிறார்கள்.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஸ்டேட்ஸ்போரோ ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு ஊர். பாட்டை 1928-இல் பதிவு செய்தவர் பிளைண்ட் வில்லி மெக்டெல், ஜார்ஜியாவைச் சேர்ந்த, பார்வையற்ற, 12 தந்தி கிதார் வாசித்த கறுப்பினக் கலைஞர். 1959-இல் இறந்துபோனார். அவருடைய பாட்டு இன்று உலகம் முழுக்கத் தெரிந்திருப்பதற்கு இந்த வெள்ளைக்காரப் பையன்களும் ஒரு காரணம் என்பது உண்மை. அவர்கள் கையில் இருந்த சொத்தில் பெரும்பங்கு அவரைப் போன்றவர்கள் சேர்த்துவைத்தது என்பதும் உண்மை.

டுவேன் அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் ஊரில் ஃபேம் ஸ்டூடியோவில் கூலிக்கு வாசித்தார். 1968 கடைசியில் சோல் பாடகர் வில்சன் பிக்கெட் அங்கே "ஹே ஜூட்" பாடியபோது கடைசிப் பகுதியில் டுவேன் கிதாரால் அவருக்கு ஈடுகொடுத்து வாசித்ததைக் கேட்டுப் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கின் மேனேஜராக இருந்த ஃபில் வால்டன். ஓட்டிஸ் 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்திருந்தார். டுவேனை வைத்து ஒரு குழு அமைக்கச் சொன்னார் வால்டன்.

டுவேன் ஆள் சேர்த்த விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு டிரம்மர் போதாது, இரண்டு பேர் வேண்டும் என்றார். ஒருவர் மிசிசிப்பிக்காரர் ஜெய்மோ. ஓட்டிஸ் ரெட்டிங், பெர்சி ஸ்லெட்ஜ் போன்றோருக்கு வாசித்தவர், மனசு முழுக்க ஜாஸ். இன்னொருவர் ஜாக்சன்வில்லைச் சேர்ந்த புட்ச் டிரக்ஸ், நேராக, கனமாக, சரக்கு ரயில் மாதிரி அடிப்பவர். பேஸ் கிதாருக்குச் சிகாகோவிலிருந்து வந்த பெர்ரி ஓக்லி. அப்புறம், தானே பெரிய கிதார்காரராக இருக்கும்போது, தனக்குச் சமமான இன்னொரு கிதார்காரர்: டிக்கி பெட்ஸ். யாராவது இப்படிச் செய்வார்களா? தன் பக்கத்திலேயே தன்னை மிஞ்சக்கூடிய ஒருவரை நிற்கவைத்துக்கொள்ள ஒரு தனி மனசு வேண்டும். ஜாக்சன்வில்லில் ஐந்து பேரும் சேர்ந்து வாசித்துப் பார்த்து, இதுதான் என்று முடிவானதும், லாஸ் ஏஞ்சல்ஸிலேயே தங்கிவிட்டிருந்த தம்பியை வரவழைத்தார் டுவேன். கிரெக் வந்தார், பாடினார், ஹாமண்ட் ஆர்கன் வாசித்தார்.

ஆறு பேரும் ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்துக்குக் குடிபோனார்கள். 1969-இல் அந்த ஊரில் நீண்ட முடியோடு ஐந்து வெள்ளைக்காரர்களும் ஒரு கறுப்பரும் ஒரே வீட்டில் தங்கி ஒன்றாகச் சாப்பிட்டார்கள் என்பது அப்போது சாதாரண விஷயம் இல்லை. கையில் காசு இல்லாத அந்த நாட்களில் எச் அண்ட் எச் என்ற சாப்பாட்டுக் கடையில் லூயிஸ் ஹட்சன் என்ற கறுப்பினப் பெண்மணி அவர்களுக்குக் கடனுக்குச் சோறு போட்டார். பின்னாளில் பெயரும் பணமும் வந்தபோது அவரைத் தங்களோடு பயணத்துக்கு அழைத்துப்போனார்கள். "மாமா லூயிஸ்" என்றால் மேக்கனில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் ஆல்பம் 1969 நவம்பரில் வந்தது, சரியாக விற்கவில்லை. இரண்டாவது 1970-இல், டாம் டவுட் தயாரிப்பில். அதுவும் பரவாயில்லை என்ற அளவுதான். இவர்களுடைய பலம் மேடையில் இருக்கிறது, ஸ்டூடியோவில் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது. அதனால் மூன்றாவது ஆல்பத்தை மேடையிலேயே பதிவு செய்தார்கள்.

"அட் ஃபில்மோர் ஈஸ்ட்" இரண்டு தட்டு, நான்கு பக்கம், மொத்தம் ஏழே பாட்டு. ஏழில் நான்கு பழைய ப்ளூஸ்: மெக்டெல், எல்மோர் ஜேம்ஸ், டி-போன் வாக்கர், வில்லி காப்ஸ். மற்ற மூன்றும் சொந்தப் பாட்டு. அவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"விப்பிங் போஸ்ட்" ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும், 23 நிமிடம். கூட்டத்திலிருந்து யாரோ அந்தப் பாட்டின் பெயரைக் கத்துவது ரெக்கார்டிலேயே கேட்கும். பிறகு ஓக்லியின் பேஸ் கரகரவென்று தனியாகத் தொடங்கும். தொடையில் தட்டிக்கொண்டே கேட்டால் ஏதோ இடறும். மூன்று, மூன்று, மூன்று, இரண்டு: மொத்தம் 11. அந்தக் கடைசி இரண்டில்தான் பாட்டு நம்மை முன்னால் தள்ளிவிடுகிறது. கிரெக் இதை எழுதியபோது அது 11 என்று அவருக்கே தெரியாது, அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. நடுராத்திரியில் வரிகள் மனதில் வந்தபோது எழுதப் பேப்பர் கிடைக்காமல், தீக்குச்சிகளைக் கொளுத்தி, அந்தக் கரியால் துணி தேய்க்கும் பலகையின் உறையில் எழுதிவைத்தார் என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு 21 வயது. குரலைக் கேட்டால் அறுபது வயது ஆள் பாடுகிறார் என்றுதான் நினைப்பீர்கள்.

இன்னொன்று "இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்". பெட்ஸ் எழுதியது, வார்த்தை கிடையாது. மேக்கனில் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இவர்கள் நேரம் போக்குவது வழக்கம். அங்கே ஒரு கல்லறைக் கல்லில் பார்த்த பெயரைத்தான் பாட்டுக்கு வைத்தார். தொடக்கத்தில் பெட்ஸ் கிதாரின் வால்யூம் திருகைச் சுண்டு விரலால் மெல்லத் திறந்து திறந்து வாசிக்கிறார். தந்தியைத் தட்டும் சத்தமே கேட்காமல், வயலின் மாதிரி நாதம் மட்டும் மேலெழும். பிறகு இரண்டு கிதாரும் சேர்ந்து ஒரே மெட்டை இரண்டு ஸ்வர நிலைகளில் வாசிக்கும். முதலில் பெட்ஸின் தனி வாசிப்பு, அடுத்து கிரெக்கின் ஆர்கன், அதன் பின்தான் டுவேன். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரு காதில் ஒருவர், மறு காதில் இன்னொருவர். டுவேன் மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இரண்டு டிரம்மர்களிடம் ஒப்படைக்கிறார். இவர்கள் அப்போது மைல்ஸ் டேவிஸையும் ஜான் கோல்ட்ரேனையும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஜாஸ் பழக்கத்தைக் குழுவுக்குள் கொண்டுவந்ததில் ஜெய்மோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆறு பேரில் எந்த ஒருவரும் மற்றவர் பேசும்போது குறுக்கே பேசுவதில்லை. 13 நிமிடம் முழுக்க இது நடக்கிறது. டுவேன் கட்டியது இதைத்தான். அவருடைய விரல் வேகத்தைவிட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது.

ஆல்பம் 1971 ஜூலையில் வந்தது. அக்டோபர் கடைசியில் தங்க ரெக்கார்டு ஆனது. சில நாளில், 29-ஆம் தேதி, மேக்கன் தெருவில் ஒரு லாரியைத் தவிர்க்கப் போய் டுவேனின் வண்டி கவிழ்ந்தது.

சரி, இனிதான் எனக்கு முக்கியமான பகுதி.

இறுதிச் சடங்கில் வாசித்தார்கள். நவம்பர் முடிவதற்குள் மீண்டும் மேடை ஏறிவிட்டார்கள், ஐந்து பேராக. வேறு கிதார்காரரைச் சேர்க்கவில்லை. அடுத்த ஆல்பமான "ஈட் எ பீச்" 1972 பிப்ரவரியில் வந்தது. அதில் டுவேன் இருக்கும்போது பதிவு செய்ததும் உண்டு, அவர் போனபின் மற்றவர்கள் பதிவு செய்ததும் உண்டு. முதல் பாட்டில் ஸ்லைடு வாசிப்பது பெட்ஸ். அதுவரை குழுவில் அது டுவேனின் வேலை. அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அந்த மனிதர் எவ்வளவு பெரிய சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வேன். ஆல்பத்தின் கடைசியில் "லிட்டில் மார்த்தா" வருகிறது. டுவேன் எழுதிய சிறிய துண்டு, இரண்டு அக்கூஸ்டிக் கிதார் மட்டும், டுவேனும் பெட்ஸும். இரண்டு நிமிடம்தான் ஓடும்.

ஒரு வருடம் கழித்து வந்த முடிவுதான் என்னைப் பொறுத்தவரை அவர்கள் எடுத்ததிலேயே புத்திசாலித்தனமானது. இரண்டாவது கிதாரின் இடத்தில் பியானோவை வைத்தார்கள். வந்தவர் சக் லெவல், அலபாமாக்காரர், அப்போது வயது 20. டுவேனோடு அவரை யாரும் ஒப்பிடவே முடியாது, ஏனென்றால் கருவியே வேறு. ஆனால் அவர் புதிதாக வந்த 1972 இலையுதிர் காலத்திலேயே இன்னொரு அடி. நவம்பர் 11-ஆம் தேதி பெர்ரி ஓக்லி, டுவேன் விழுந்த இடத்துக்குச் சில தெரு தள்ளி, மோட்டார் சைக்கிள் விபத்திலேயே இறந்தார். அவருக்கும் வயது 24. இருவரையும் ரோஸ் ஹில்லில் பக்கத்துப் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஜெய்மோவின் பழைய நண்பர் லாமர் வில்லியம்ஸ் பேஸ் கிதாருக்கு வந்தார்.

இந்த நிலையில் ஒரு குழுவிடமிருந்து என்ன எதிர்பார்ப்பீர்கள்? 1973 ஆகஸ்டில் வந்த "பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்" அவர்கள் வாழ்க்கையிலேயே அதிகம் பேரைச் சென்றடைந்த ஆல்பம். பெட்ஸ் எழுதிப் பாடிய "ராம்ப்ளின் மேன்" பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. இன்னொன்று "ஜெசிகா". தீ விபத்தில் இடதுகை விரல்கள் ஊனமாகி, இரண்டு விரலால் வாசித்த ஜிப்சி கிதார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டை நினைத்து, பெட்ஸ் தானும் இரண்டு விரலால் வாசிக்கக்கூடிய ஒரு மெட்டைத் தேடிக்கொண்டிருந்தார். குட்டி மகள் ஜெசிகா அறைக்குள் தவழ்ந்து துள்ளிக்கொண்டிருந்தாள், அவளைப் பார்த்துக்கொண்டே மெட்டு அமைந்தது. அதில் கிதார் முதலில் போகாமல், லெவலின் பியானோ எழுந்து நடுப்பகுதியைத் தூக்கிக்கொண்டு போகிறது. துக்கத்தில் இருந்த ஒரு குழு இவ்வளவு சந்தோஷமான இசையைச் செய்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். அதே 1973 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென்னில் கிரேட்ஃபுல் டெட், தி பேண்ட் குழுக்களோடு இவர்கள் வாசித்தபோது வந்த கூட்டம் சுமார் 6 லட்சம்.

அதன் பிறகு கொஞ்ச காலம் சொல்லும்படியாக இல்லை. பணம், போதைப்பொருள், ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனி வண்டியில் பயணம். 1975-இல் ஜார்ஜியாவின் முன்னாள் கவர்னர் ஜிம்மி கார்ட்டரின் தேர்தல் நிதிக்காக வாசித்தார்கள், அவர் ஜனாதிபதியும் ஆனார். ஆனால் 1976-இல் ஒரு போதைப்பொருள் வழக்கில் கிரெக் தன் உதவியாளருக்கு எதிராகச் சாட்சி சொன்னதும், இனி இவரோடு வாசிக்கமாட்டோம் என்று மற்றவர்கள் விலகினார்கள். 1979-இல் கூடினார்கள், 1982-இல் மறுபடி கலைந்தார்கள். அந்த இடைக்காலத்தில் காலத்துக்கு ஏற்ற மாதிரி ஒலிக்கவேண்டும் என்று சிந்தசைசரை நுழைத்துப் போட்ட ஆல்பங்களை நான் கேட்பதில்லை. மோசமான பதில் என்று சொன்னேனே, அதில் ஒன்று இது. தாங்கள் யார் என்பதையே மறந்துவிட்டு வாசித்த காலம்.

1989-இல் மூன்றாவது முறையாகச் சேர்ந்தபோது பெட்ஸ் தன்னுடைய சொந்தக் குழுவிலிருந்து வாரன் ஹேன்ஸை அழைத்துவந்தார். டுவேன் இறந்த 18 வருடத்துக்குப் பிறகு மீண்டும் முழு பலத்தோடு இரட்டை கிதார். ஹேன்ஸ் டுவேனைக் கரைத்துக் குடித்தவர், ஆனால் டுவேனை நகலெடுக்கவில்லை. அவர் ஸ்லைடு வாசித்தால் கனமாக, முரட்டுத்தனமாக, பாடகர் தொண்டையைத் திறந்து பாடுகிற மாதிரி இருக்கும். பேஸ் கிதாரில் ஆலன் உடி. நியூயார்க் பீக்கன் தியேட்டரில் மார்ச் மாதம் வந்தால் இவர்கள் வரிசையாகப் பல ராத்திரி வாசிப்பது ஒரு திருவிழாவாகவே ஆகிப்போனது. மொத்தத்தில் அந்த ஒரு அரங்கில் மட்டும் 230-க்கும் மேற்பட்ட கச்சேரிகள்.

இரண்டாவது மோசமான பதிலை இப்போது சொல்லியாகவேண்டும். 2000-இல் மற்ற மூன்று மூத்தவர்களும் சேர்ந்து டிக்கி பெட்ஸை ஒரு ஃபேக்ஸ் அனுப்பி விலக்கினார்கள். குடியும் மேடையில் தடுமாற்றமும் காரணம் என்றார்கள், அவர் மறுத்தார், விவகாரம் சட்டரீதியாகத் தீர்ந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் டுவேன் போனபோது அந்தக் குழுவைத் தூக்கி நிறுத்தியவர், "ராம்ப்ளின் மேன்", "ஜெசிகா", "எலிசபெத் ரீட்" மூன்றையும் கொடுத்தவர், அவருக்கு முகம் பார்த்துச் சொல்லக்கூட யாரும் இல்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. அதன் பிறகு பெட்ஸ் அந்தக் குழுவோடு வாசிக்கவே இல்லை. 2024 ஏப்ரலில், 80 வயதில் காலமானார்.

அவரை விலக்குவதற்கு ஒரு வருடம் முன்பே டெரெக் டிரக்ஸ் வந்துவிட்டிருந்தார். கிதார்காரர், டிரம்மர் புட்சின் சகோதரர் மகன், அப்போது வயது 20. டெரெக் அண்ட் தி டோமினோஸ் குழுவின் பெயரிலிருந்து அவருக்குப் பெயர் வைத்தார்கள். எரிக் கிளாப்டன் நடத்திய அந்தக் குழுவின் ஒரே ஸ்டூடியோ ஆல்பத்தில் டுவேன் விருந்தாளியாக வாசித்திருக்கிறார். டெரெக் சின்னப் பையனாக இருந்தபோதே ஸ்லைடைப் பிடித்துவிட்டவர், பிக் என்ற மீட்டும் வில்லை இல்லாமல் வெறும் விரலால் வாசிப்பார். டுவேனின் பாட்டுகளில் வளர்ந்தவர் என்பதால் அவர்தான் நகலெடுப்பார் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. டெரெக்குக்கு உஸ்தாத் அலி அக்பர் கானின் சரோட் மேல் தீராத காதல். கலிபோர்னியாவில் கான் நடத்திய இசைக் கல்லூரிக்குப் போய்க் கற்றும் இருக்கிறார். சரோடில் மெட்டுக்கட்டை கிடையாது, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். கண்ணாடி ஸ்லைடிலும் அதைத்தான் செய்கிறார் டெரெக். அவர் ஒரு ஸ்வரத்தைத் தொடுவதற்கு முன் அதைச் சுற்றி ஒரு வளைவு வளைந்து வருவதைக் கேட்டால், கமகம் கேட்டுப் பழகிய நம் காதுகளுக்கு அது சட்டென்று பிடிபடும்.

நடுவில் குழுவை விட்டுப் போயிருந்த ஹேன்ஸ் 2001-இல் திரும்பி வந்தார். அவரும் டெரெக்கும் சேர்ந்து நின்ற அந்த 13 வருடம், முதல் இரண்டரை வருடத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2014 அக்டோபர் 28 ராத்திரி பீக்கனில் கடைசிக் கச்சேரி. நள்ளிரவு தாண்டி ஓடியது. கடைசியாக வாசித்தது மட்டி வாட்டர்ஸின் "ட்ரபிள் நோ மோர்". 1969-இல் ஆறு பேரும் முதன்முதலில் சேர்ந்து பழகிய பாட்டு அது. புட்ச் 2017 ஜனவரியில் போனார், கிரெக் அதே வருடம் மே மாதம். முதல் ஆறு பேரில் ஜெய்மோ ஒருவர்தான் மிச்சம்.

ஃபில்மோர் ஆல்பத்தை ஏற்கெனவே கேட்டவர்கள் அடுத்து என்ன கேட்பது என்று யோசித்தால், நேராக 2003-இல் வந்த "ஹிட்டின் தி நோட்" ஆல்பத்துக்கு வாருங்கள். டிக்கி பெட்ஸ் இல்லாமல் அவர்கள் செய்த ஒரே ஸ்டூடியோ ஆல்பம். அதில் "இன்ஸ்ட்ருமென்டல் இல்னெஸ்" என்று 12 நிமிடத் துண்டு ஒன்று உண்டு. முதல் தடவை ஹேன்ஸை மட்டும் தொடர்ந்து கேளுங்கள், அடுத்த தடவை டெரெக்கை. அப்புறம் இரண்டு கிதாரையும் விட்டுவிட்டு, பின்னால் ஜெய்மோ என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள்.